வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஓடையையும் புதர்க்காட்டையும் மீட்க நினைக்கிறோம், எங்கிருந்து தொடங்குவது?

நாகணவாய் எழுதியது:

வணக்கம். கிழக்குத் தாம்பரத்தில் சேலையூரைத் தாண்டி ஒரு நகரில் 16 வருடமாகக் குடியிருக்கிறோம். எங்கள் கடைசித் தெருவுக்குப் பின்னால் ஒரு ஓடை இருக்கிறது. மேல் ஏரி நிரம்பினால் கலங்கலில் வழிகிற தண்ணீர் கீழ் ஏரிக்குப் போகிற வழி அதுதான். வீடு கட்டிக் குடிவந்த புதிதில் மழைக்காலத்தில் தண்ணீர் தெளிவாக ஓடும், பிள்ளைகள் துண்டைப் பிடித்து மீன் அள்ளுவார்கள். இப்போது வருடம் முழுவதும் கறுப்பாகச் சாக்கடை நிற்கிறது. மேலே ஆகாயத்தாமரை, இரண்டு கரையிலும் சீமைக்கருவேலம், இது போதாதென்று வீடு இடித்த கல்லும் செங்கல்லும் ராத்திரியில் வந்து விழுகின்றன. 2015 டிசம்பரில் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். 2023-இல் மிக்ஜாம் புயலின்போது மறுபடியும். இரண்டு முறையும் தண்ணீர் ஓடைப் பக்கமிருந்துதான் ஏறியது, போக வழியில்லாமல்.

ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு பாறைமேடு, இரண்டு ஏக்கர் இருக்கலாம். பார்க்கிறவர்களுக்கு வெறும் முட்புதர். ஆனால் விடியற்காலையில் அங்கிருந்துதான் செண்பகத்தின் குரல் வரும், கீரி குட்டிகளோடு குறுக்கே ஓடும், ஐப்பசி கார்த்திகையில் செங்காந்தள் பூத்து நிற்கும். என் மாமியார் இருந்தவரை பிரண்டையும் கோவைக்காயும் அங்கேதான் பறித்து வருவார்.

போன மாத நலச்சங்கக் கூட்டத்தில், ஜேசிபி விட்டு ஓடைக்கரை, மேடு எல்லாவற்றையும் வழித்துவிட்டு வரிசையாக மரக்கன்று நட்டு நடைபாதை போட்டுவிடலாம் என்று பேசினார்கள். அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். ஆனால் எனக்கு மனசு ஒப்பவில்லை. நாங்கள் ஆறு குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் இதற்கென்று ஒதுக்கத் தயாராக இருக்கிறோம். யாரிடம் அனுமதி வாங்க வேண்டும், ஜேசிபி வேண்டுமா வேண்டாமா, என்ன கன்று நட வேண்டும், மியாவாக்கி முறை சரிவருமா, பிள்ளைகளை அழைத்துப் போகலாமா? இதில் அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் விவரமாகவே சொல்லுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் ஏதாவது செய்தாக வேண்டும் என்று இருக்கிறது.


புலப்படம் எழுதியது:

அம்மா, நான் நில அளவைப் பிரிவில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கன்று, மண்வெட்டி எல்லாம் அப்புறம். முதலில் அது யாருடைய நிலம் என்று பாருங்கள். அரசின் நில ஆவணங்களுக்கான இணையப் பக்கத்தில் சர்வே எண்ணைப் போட்டால் அ-பதிவேட்டு விவரமும் (நிலம் என்ன வகை, யாருடையது என்று எழுதியிருக்கும்) புலப்படமும் (அளவுகளோடு வரைந்த நிலப்படம்) கிடைக்கும். அதில் ஓடை என்றோ வாய்க்கால் என்றோ ஏரி என்றோ வகைப்பாடு இருக்கும், அகலம் எங்கே எவ்வளவு என்று படத்திலிருந்தே அளந்துகொள்ளலாம். இன்றைக்குக் கண்ணுக்கு எட்டடியாகத் தெரிகிற ஓடை படத்தில் முப்பதடியாக இருக்கும், பல இடங்களில் நானே பார்த்திருக்கிறேன். நகர அளவை நடந்த பகுதியாக இருந்தால் பழைய எண்ணும் புதிய எண்ணும் வேறாக இருக்கும், இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பாறைமேடு என்கிறீர்களே, அதை இன்னும் கவனமாகப் பாருங்கள். உங்கள் பக்கத்தில் மேடும் கல்லும் முள்ளுமாக இருக்கிற நிலம் காப்புக்காட்டின் ஓரமாகக்கூட இருக்கலாம். காப்புக்காடு என்றால் வனத்துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் ஒரு கிளையைக்கூட வெட்டக் கூடாது, நல்ல எண்ணத்தில் செய்தாலும் குற்றம் குற்றம்தான். புறம்போக்கு என்றால் வட்டாட்சியர் அலுவலகம், ஏரியும் அதன் கலங்கலும் நீர்வளத் துறை, தெருவோர மழைநீர் வடிகால் தாம்பரம் மாநகராட்சி. சின்ன ஏரிகள் உள்ளாட்சியிடமே இருக்கும். பொதுவாக 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள ஏரிகள்தான் பழைய பொதுப்பணித் துறையிடம் இருந்தன, இப்போது அவை நீர்வளத் துறையின் கீழ் வருகின்றன. ஒரே மனுவை மூன்று இடத்துக்கும் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். மனுவில் "மரம் வெட்ட அனுமதி" என்று எழுதாதீர்கள், "குப்பையும் களைச்செடியும் அகற்றி ஓடையைப் பராமரிக்க" என்று எழுதுங்கள். புறம்போக்கில் வளர்ந்த சீமைக்கருவேலம்கூட அரசுச் சொத்துதான், அதை ஏலம் விடுகிற வழக்கம் உண்டு, வெட்டிய விறகை யார் எடுத்துப் போனது என்கிற இடத்தில்தான் சண்டையே வரும். பனைமரம் ஒன்று இருந்தாலும் அதன்மேல் கை வைக்க வேண்டாம், ஆட்சியர் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது.

எங்கள் பகுதியில் ஆறு வருடத்துக்கு முன் ஒரு தாங்கல் கரையைச் சுத்தம் செய்தோம். கரை என்று நினைத்துப் பத்தடி தள்ளி ஒருவருடைய பட்டா நிலத்து வேலியோரத்தையும் வெட்டிவிட்டோம். காவல் நிலையம் வரை போய் மன்னிப்புக் கேட்டு வந்தோம். அதன்பிறகு குழுவில் பாதிப் பேர் வரவே இல்லை. படத்தை ஒரு நாள் பார்த்திருந்தால் நடந்திருக்காது, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இன்னொன்று. அடுத்து நல்ல மழை பெய்யும்போது குடையை எடுத்துக்கொண்டு ஓடை நெடுகிலும் நடந்து பாருங்கள். எந்த இடத்தில் நிற்கிறது, எங்கே சுற்றிக்கொண்டு போகிறது, எந்த வீட்டுக் குழாய் உள்ளே விழுகிறது, எந்தக் குறுக்குப் பாலத்தின் அடியில் அடைத்திருக்கிறது என்று தண்ணீரே காட்டிக் கொடுக்கும். வெயில் காலத்தில் பத்து முறை பார்த்தாலும் இது தெரியாது. போட்டோ எடுத்துத் தேதி, நேரம் போட்டு வையுங்கள், மனுவோடு இணைக்க அதைவிட நல்ல ஆதாரம் இல்லை.


காரைமுள் எழுதியது:

அக்கா, ஜேசிபியை மேட்டுப் பக்கம் மட்டும் விட்டுவிடாதீர்கள். மற்றதை எல்லாம் பிறகு பேசலாம்.

நீங்கள் முட்புதர் என்று எழுதியிருப்பது அநேகமாக இந்தக் கடற்கரைச் சமவெளியின் சொந்தக் காடு. உலர் பசுமைமாறாக் காடு என்பார்கள். மரமெல்லாம் குட்டையாக, இலை தடித்து, முள்ளும் கொடியுமாகப் பின்னிக் கிடக்கும். சோழமண்டலக் கரையோரம் முழுக்க ஒரு காலத்தில் இருந்தது, இன்றைக்குக் கோயில் காடுகளாகவும் அங்கங்கே துண்டுகளாகவும்தான் மிஞ்சியிருக்கிறது. சென்னைக்குள் இதை ஓரளவு முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால் கிண்டி தேசியப் பூங்காவுக்குப் போக வேண்டும், 270 ஹெக்டேர்தான், 1978-இல் தேசியப் பூங்கா ஆனது. உங்கள் பக்கத்திலேயே கிறித்துவக் கல்லூரி வளாகத்தில் இருக்கிறது, நன்மங்கலம் காப்புக்காட்டில் இருக்கிறது. உங்கள் மேடு அதே குடும்பத்தில் தப்பிப் பிழைத்த ஒரு துண்டாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு, செங்காந்தள் இருக்கிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு அப்படித்தான் பட்டது.

என்ன இருக்கிறது என்று முதலில் எண்ணுங்கள். காரை, சூரை, களா, சங்கஞ்செடி, ஆதொண்டை, விராலி, நிலக்குமிழ், காட்டு எலுமிச்சை, காசான், வெட்பாலை, நுணா, உசில், வீரை, உலக்கைப்பாலை. இதில் ஐந்தாறு இருந்தாலே அது பொக்கிஷம். காசானும் வீரையும் எவ்வளவு மெதுவாக வளரும் என்று வளர்த்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இடுப்பளவு நிற்கிற ஒரு காசான் புதர் உங்கள் வீட்டைவிட வயது மூத்ததாக இருக்கலாம். ஜேசிபிக்கு அது ஐந்து நொடி வேலை. அப்புறம் நீங்கள் என்ன நட்டாலும் அந்த மண்ணும் வேரும் திரும்பி வராது.

இப்போது சீமைக்கருவேலம். இதை நாட்டுக் கருவேலத்தோடு குழப்பிக்கொண்டு நல்ல மரத்தைச் சாய்த்துவிட்ட இடங்களை நான் நேரில் பார்த்து வயிறு எரிந்திருக்கிறேன். நாட்டுக் கருவேலத்துக்குப் பூ மஞ்சள் உருண்டையாக இருக்கும், காய் மணிமாலை கோத்த மாதிரி இடையிடையே ஒடுங்கியிருக்கும். சீமைக்கருவேலத்தின் பூ நீளக் கதிர், காய் பயற்றங்காய் மாதிரி வெளிர்மஞ்சளாக இருக்கும். வெட்டிவிட்டால் அடிக்கட்டையிலிருந்து ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும், ஆகவே வெட்டுவதால் பிரயோஜனமே இல்லை. கன்றாக இருந்தால் மழை நனைத்த மண்ணில் கையால் பிடுங்கலாம். பெரிசு என்றால் சுற்றிலும் தோண்டி, தண்டும் வேரும் சேருகிற அந்த முண்டை மண்ணுக்குக் கீழே ஒரு அடி வரை பெயர்த்தெடுக்க வேண்டும். காய் பழுப்பதற்கு முன்னால் எடுங்கள், ஆடு மாடு தின்று போகிற வழியெல்லாம் சாணத்தோடு விதை முளைக்கும், மண்ணில் கிடக்கிற விதையும் வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஒருமுறை எடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிற வேலை இல்லை இது. எடுத்த இடத்துக்கே ஒவ்வொரு மழைக்குப் பிறகும் திரும்பப் போய் முளைத்ததைப் பிடுங்க வேண்டும், நாலைந்து வருடம்.

ஓடைக்கரையில் இருக்கிறதை மட்டும் ஒரே மூச்சில் எடுக்காதீர்கள். அதன் வேர்தான் இப்போதைக்குக் கரையைப் பிடித்திருக்கிறது. பத்தடி எடுத்து, அங்கே நொச்சி, புங்கன், பூவரசு, நீர்மருது, தாழை என்று பிடிக்கவைத்த பிறகு அடுத்த பத்தடிக்குப் போங்கள். நொச்சி போத்து வெட்டி ஊன்றினாலே வரும், காசு செலவில்லை.

மியாவாக்கி பற்றிக் கேட்டிருந்தீர்கள். சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்று நெருக்கி நட்டுச் சீக்கிரம் பச்சையாக்குகிற முறை அது. குப்பை கொட்டிய மொட்டை இடத்துக்கு யாராவது கேட்டால் நான் தடுக்க மாட்டேன். ஆனால் ஏற்கெனவே காடாக இருக்கிற ஒரு மேட்டை வழித்துவிட்டு அங்கே மியாவாக்கி நடுவது, இருக்கிற காட்டை அழித்துவிட்டு வேறொரு காடு வாங்கி வைப்பதுதான். இந்த நிலம் இடைவெளியும் வெயிலும் புல்லும் கலந்த நிலம், கௌதாரிக்கும் ஓணானுக்கும் அந்த இடைவெளி வேண்டும்.

கன்று நடுவதென்றால் வீட்டு மாடியில் இப்போதே விதை போட்டு வளர்க்கத் தொடங்குங்கள், அந்த மேட்டிலேயே பொறுக்கிய விதை. முதல் வடகிழக்கு மழை இறங்கியதும் நட்டால் வேர் பிடிக்க மூன்று மாதம் கிடைக்கும். குல்மொஹரும் தூங்குமூஞ்சியும் வேண்டாம். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் அடித்தபோது வேரோடு சாய்ந்து கிடந்ததில் பெரும்பாலானவை எவை என்று அன்று தெருவில் இறங்கி நடந்தவர்களுக்கு நினைவிருக்கும்.


குட்டிம்மா_அப்பா எழுதியது:

நானும் அதே பக்கம்தான் இருக்கிறேன், வேறு நகர். எல்லோரும் புதரைக் காப்பாற்றச் சொல்கிறீர்கள், மரியாதையோடு ஒரு மறுப்பு. எங்கள் வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. போன கார்த்திகையில் வாசல்படிக்குக் கீழே கண்ணாடி விரியன் இருந்தது. பக்கத்து மனையிலிருந்த புதரைச் சுத்தமாக வழித்த பிறகுதான் நாங்கள் ராத்திரி நிம்மதியாகத் தூங்கினோம். காடு வேண்டும் என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை, ஆனால் ஓடையோரத்து வீட்டுக்காரர்கள் பயந்துகொண்டு இருக்கும்போது "இது சொந்தக் காடு" என்று சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். அவர்களுக்கு ஒரு பதில் இருக்கிறதா? சங்கத்தில் ஜேசிபி என்று சொன்னவர்களில் பாதிப் பேர் இந்தப் பயத்தில்தான் சொல்லியிருப்பார்கள்.


கடல்தாண்டி_வந்தவள் எழுதியது:

குட்டிம்மா அப்பா கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு முன்னால் என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நான் சிட்னியில் எட்டு வருடம் இருந்தேன். அங்கே புறநகர்களில் தெருக்கோடியிலேயே இப்படி ஒரு சின்னக் காடு, நடுவில் ஒரு ஓடை என்று இருக்கும். உள்ளாட்சியே தன்னார்வலர் குழு வைத்திருக்கும், மாதத்தில் ஒரு காலை, மேற்பார்வைக்குப் பயிற்சி பெற்ற ஒருவர் வருவார், கையுறையும் கருவிகளும் அவர்களே தருவார்கள், நடுவில் தேநீர் உண்டு. நான் முதல் நாள் போனபோது களை என்று காட்டியது என்ன தெரியுமா, நம்ம ஊர் உண்ணிச்செடி! தென் அமெரிக்காவிலிருந்து போன அதே செடி அங்கேயும் காட்டை மூடிக்கொண்டிருக்கிறது. தெரிந்த முகத்தைப் பார்த்த மாதிரி இருந்தது, ஆனால் அன்றைக்கு முழுக்க அதைத்தான் வெட்டினேன்.

அங்கே எல்லாக் குழுக்களுக்கும் வழிகாட்டியாக இருப்பது அக்கா தங்கை இருவர், எலீன் பிராட்லி, ஜோன் பிராட்லி. 1960-களில் தங்கள் வீட்டுக்குப் பக்கத்திலிருந்த துறைமுகக் கரைக் காட்டில் தினமும் நடக்கப் போய், போகிற போக்கில் களை பிடுங்கிப் பிடுங்கியே ஒரு முறையைக் கண்டுபிடித்தார்கள். களை மண்டிய மோசமான இடத்தில் தொடங்கக் கூடாது என்பதுதான் அதில் முதல் விஷயம். நாட்டுச் செடி நன்றாக இருக்கிற இடத்தில் தொடங்கி, அங்கே ஒன்றிரண்டாக நுழைந்திருக்கிற களையை எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக மோசமான பக்கம் நகர வேண்டும். மண்ணை முடிந்தவரை கிளறக் கூடாது, பிடுங்கிய இடத்தைச் சருகால் மூடிவிட வேண்டும். அப்புறம், நாட்டுச் செடி எந்த வேகத்தில் திரும்பி வந்து இடத்தை நிரப்புகிறதோ அந்த வேகத்துக்கு மேல் களை எடுக்கக் கூடாது. இது எனக்கு முதலில் விளங்கவே இல்லை. மோசமான இடத்தை விட்டுவிட்டு நல்ல இடத்தில் என்ன வேலை என்று நினைத்தேன். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது, நாங்கள் ஒரு கன்றுகூட நடாத இடத்தில் மண்ணுக்குள் கிடந்த விதைகள் தாமாகவே முளைத்து மூடியிருந்தன. மொட்டையாக வழித்துவிட்டு நட்ட வேறொரு இடத்தில் களைதான் மறுபடி நின்றது.

இங்கே வந்தபிறகு அதே முறையில் ஒரு பாறைச் சரிவில் நாலு பேர் வேலை செய்கிறோம். அங்கே மாதிரி உள்ளாட்சி ஆள் அனுப்புவதில்லை, கடப்பாரை முதல் எல்லாம் கைக்காசு. ஆனாலும் முறை இங்கேயும் வேலை செய்கிறது.

இப்போது பாம்பு. குட்டிம்மா அப்பா, புதரில் பாம்பு இருக்கும்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டு வாசலுக்கு அதை வரவழைப்பது எலி, எலியை வரவழைப்பது குப்பையும் இடிபாட்டுக் கல் சந்தும். ஆகவே நாகணவாய் குழு முதலில் கை வைக்க வேண்டியது வீடுகளை ஒட்டிய அந்தக் கல் குவியலில். வீட்டுச் சுவரிலிருந்து பதினைந்து இருபது அடிக்குப் புல்லை ஒட்ட வெட்டி, கல் சந்து இல்லாமல், இருட்டு இல்லாமல் வைத்துக்கொள்ளலாம், அதற்கு அப்பால் காடு காடாக இருக்கட்டும். எங்கள் சரிவில் இதைச் செய்து காட்டிய பிறகுதான் எதிர்ப்பு குறைந்தது. வேலை செய்பவர்களும் கம்பால் தட்டிவிட்டுத்தான் கையை உள்ளே விட வேண்டும், கல்லைத் தூக்குவதற்குப் பதில் கடப்பாரையால் தன் பக்கமாகப் புரட்ட வேண்டும், அப்போது கீழே ஏதாவது இருந்தால் எதிர்ப் பக்கம் ஓடிவிடும். யாரையாவது கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, பச்சிலை எதுவும் வேண்டாம். கடிபட்ட கால் கையை அசைக்காமல் நேராக விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எந்த மருத்துவமனை என்று முன்கூட்டியே விசாரித்து, எண்ணை எல்லோர் போனிலும் ஏற்றி வையுங்கள்.


மதகு எழுதியது:

செடி பற்றி நிறைய வந்துவிட்டது, நான் தண்ணீர் பற்றி மட்டும் சொல்கிறேன்.

உங்கள் பகுதி ஏரிகள் தனித்தனி இல்லை. ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஒன்றின் உபரி இன்னொன்றுக்குப் போய், கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகக் கடல் பக்கம் போகிறது. பள்ளிக்கரணை 2022-இல் ராம்சர் தலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட இடம். உங்கள் ஓடையில் விழுகிற சாக்கடை கடைசியில் அங்கே போய்ப் பூநாரையும் கூழைக்கடாவும் நிற்கிற தண்ணீரில்தான் கலக்கிறது. ஆகாயத்தாமரையை வருடாவருடம் வாரி வெளியே போடலாம், சாக்கடையின் உரம் இருக்கிற வரை ஒரே மாதத்தில் மறுபடி மூடிவிடும். எங்கள் குழு மூன்று வருடம் இதைத்தான் செய்தது, கை ஓய்ந்ததுதான் மிச்சம். நாலாவது வருடம் வாருவதை நிறுத்திவிட்டுக் குழாய்களை எண்ண ஆரம்பித்தோம். 23 குழாய் இருந்தது. வீடு வீடாகப் போய்ப் பேசியதில் பெரும்பாலோர் வேண்டுமென்று விடவில்லை, பாதாளச் சாக்கடை இணைப்பு வரவில்லை, செப்டிக் டேங்க் நிரம்பி வழிகிறது, லாரிக்குக் காசு கொடுத்து மாளவில்லை என்றார்கள். அதையே எழுதி, குழாய்க்குக் குழாய் படத்தோடு கொடுத்து, விடாமல் போய்ப் போய் நின்று, 14 நின்றது. இப்போது வாரினால் நாலு மாதம் தாங்குகிறது.

ஆகவே புலப்படம் ஐயா சொன்ன மழை நடையை இந்த மாதமே போங்கள். குழுவின் உடம்பு பலம் அதிகமாக இருக்கும்போதே அதைக் கலங்கல் வாயிலும் குறுக்குப் பாலங்களுக்கு அடியிலும் செலவழியுங்கள். வெள்ளத்துக்குக் காரணம் அந்த நாலைந்து இடம்தான், மீதி ஓடை கோரையும் சம்புமாக இருந்தால் இருக்கட்டும். சம்பைப் பார்த்ததும் எல்லோரும் பிடுங்கப் போவார்கள், அது கொஞ்சம் இருந்தால் தண்ணீரை வடிகட்டும், நீலத்தாழைக்கோழி அதற்குள்தான் கூடு கட்டும். நடு ஓட்டத்தை மட்டும் திறந்து விடுங்கள்.

சாக்கடைத் தண்ணீரில் பிள்ளைகள் இறங்கவே கூடாது, இதில் பேச்சுக்கே இடமில்லை. பெரியவர்களும் ரப்பர் பூட்ஸ் இல்லாமல் இறங்க வேண்டாம். காலில் சின்ன வெடிப்பு இருந்தால் போதும், எலிக் காய்ச்சல் வரும். எங்கள் குழுவில் ஒருவர் பத்து நாள் படுத்தார். டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டு வாருங்கள். பிள்ளைகளுக்கு மேட்டில் வேலை இருக்கிறது, விதை பொறுக்குவது, பறவை எண்ணுவது, நாற்றங்காலுக்குத் தண்ணீர் ஊற்றுவது.

தொடங்குவதற்கு முன் ஏற்கெனவே நடந்த ஒன்றிரண்டு இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் நல்லது. கோட்டூர்புரத்தில் அடையாற்றங்கரையில் குப்பைமேடாக இருந்த இடத்தை நிழல் அமைப்பினர் தன்னார்வலர்களை வைத்தே மரப்பூங்கா ஆக்கியிருக்கிறார்கள், எந்த மரம் எது என்று கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை. அடையாறு முகத்துவாரத்தில் 58 ஏக்கரில் இருக்கிற தொல்காப்பியப் பூங்காவும் இடிபாடு கொட்டிக் கிடந்த இடம்தான். உங்கள் பக்கத்திலேயே செம்பாக்கம் ஏரியில் நேச்சர் கன்சர்வன்சி, கேர் எர்த் டிரஸ்ட், சென்னை ஐஐடி சேர்ந்து வேலை செய்திருக்கிறார்கள், ஒரு காலை நடை போய்ப் பாருங்கள்.


குட்டிம்மா_அப்பா எழுதியது:

கல் குவியல் விஷயம் எனக்குச் சரியாகப் பட்டது. எங்கள் வாசலில் பாம்பு வந்தபோதும் பக்கத்தில் செங்கல் அடுக்கு ஒன்று இருந்தது, இப்போதுதான் யோசிக்கிறேன். நாகணவாய், கல் அள்ளுகிற ஞாயிற்றுக்கிழமை எனக்குச் சொல்லுங்கள், என் தம்பியும் நானும் வருகிறோம்.


நாகணவாய் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, ஒவ்வொருவருடைய பதிலையும் என் கணவருக்கும் குழுவில் உள்ளவர்களுக்கும் வாசித்துக் காட்டினேன். பதில் போட 12 நாள் ஆகிவிட்டது, காரணம், மழைக்காகக் காத்திருந்தோம்.

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இடியோடு ஒன்றேகால் மணி நேரம் பெய்தது. ஐந்து பேர் குடையோடு போனோம். மேல் ஏரிப் பக்கமிருந்து எங்கள் தெரு வரை தண்ணீர் தடையில்லாமல்தான் வருகிறது. மூன்றாவது குறுக்குப் பாலத்தில் இரண்டு குழாய் பதித்திருக்கிறார்கள், அதில் ஒன்று முழுக்க அடைப்பு, உள்ளே மெத்தை ஒன்று சுருண்டு கிடக்கிறது. அந்த இடத்திலிருந்து தண்ணீர் பின்வாங்கி நேராக எங்கள் தெருவைப் பார்த்து வருகிறது. 2015-இலும் 2023-இலும் எங்களுக்கு என்ன நடந்தது என்று அந்த அரை மணி நேரத்தில் புரிந்தது. நான் அங்கேயே நின்று அழுதுவிட்டேன். எட்டு வருட இடைவெளியில் இரண்டு முறை பீரோ, படுக்கை, பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் போனது. போட்டோ 41 எடுத்தோம். சாக்கடைக் குழாய் எங்கள் பக்கம் ஏழு, எதிர்ப்பக்கம் நான்கு. அதில் ஒன்று எங்கள் தெரு வீடுதான், அவர்களிடம் நானே பேசிவிட்டேன், அடுத்த மாதம் மாற்றுகிறேன் என்றார்கள்.

புலப்படம் ஐயா, நீங்கள் சொன்ன பக்கத்தில் படம் எடுத்தாயிற்று. ஓடை புறம்போக்கு என்று தெளிவாக இருக்கிறது, அகலம் 9 மீட்டர்! இப்போது நாலு மீட்டர்கூட இல்லை. மேடு மேய்ச்சல் நிலம் என்று வருகிறது, காப்புக்காடு இல்லை. மூன்று இடத்திலும் மனு கொடுத்தோம். ஒரு அலுவலகத்தில் வாங்கவே மாட்டேன் என்றார்கள், பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டோம்.

காரைமுள், மேட்டில் உங்கள் பட்டியலை வைத்துக்கொண்டு என் மகள் தேடினாள். காரை, சூரை, சங்கஞ்செடி, நுணா, விராலி நிச்சயம். காட்டு எலுமிச்சை என்று அவள் சொல்கிறாள், இலையைக் கசக்கினால் எலுமிச்சை வாசனை வருகிறது. இலை கரும்பச்சையாக, தடித்து, எதிரெதிராக, காம்பே இல்லாத மாதிரி ஒரு புதர் இருக்கிறது, மூன்று இடத்தில். காசானாக இருக்குமோ? ஒரு நாள் நேரில் வந்து பார்த்துச் சொல்ல முடியுமா?

நலச்சங்கத்தில் ஜேசிபியைப் பாலத்தடி அடைப்புக்கு மட்டும், அதுவும் அனுமதி வந்த பிறகு, என்று பேசி ஒத்துக்கொள்ள வைத்திருக்கிறோம். மேட்டுப் பேச்சை ஆறு மாதம் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். வீட்டுச் சுவரோரத்துக் கல்லை அள்ளுவது வருகிற ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரைக்குத் தொடங்கி வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம் என்று திட்டம். இதுவரை 14 பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், எதிர்வீட்டு அண்ணன் எல்லோருக்கும் கேழ்வரகுக் கூழ் கொண்டுவருகிறார். குட்டிம்மா அப்பா, இடம் எது என்று தனிச் செய்தியில் அனுப்புகிறேன். மண்வெட்டி மூன்று, பாண்டு ஆறு, சாக்கு ஐம்பது இருக்கிறது. கடப்பாரை ஒன்றே ஒன்றுதான். யாரிடமாவது இருந்தால் அன்றைக்கு மட்டும் கொடுங்கள், பத்து மணிக்கெல்லாம் வீட்டில் திருப்பித் தந்துவிடுவோம்.